கதையின் உறுப்புகள்: எழுதிப் பழகுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

சிறுகதை எழுதிப் பழகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கதையின் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்து விளக்கினால், ஒன்று மற்றொன்றை எப்படி இழுக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். அதனால் எல்லாப் பதில்களிலும் ஒரே கதையை வைத்துப் பேசுகிறோம். சண்முகம் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர், வயது 63. வலக்கண் மங்கிக்கொண்டு வருகிறது, யாரிடமும் சொல்லவில்லை. காலமான தன் அப்பாவின் பழைய கடிகாரத்தை எடுத்துக்கொண்டு நித்யா என்ற பெண் வருகிறாள். சாவி கொடுத்து ஓடும் கடிகாரம் அது. இப்போதைக்குக் கையில் இருப்பது இவ்வளவுதான்.

கேள்வி: நடந்ததை வரிசை மாறாமல் எழுதுகிறேன். படித்தவர்கள் "சம்பவம் இருக்கிறது, கதை இல்லை" என்கிறார்கள். என்ன குறைகிறது?

பதில்: காரணம் குறைகிறது. ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் நாவலைப் பற்றி ஆற்றிய விரிவுரைகளில் இதை இரண்டே வாக்கியங்களில் விளக்கினார். அரசன் இறந்தான், பிறகு அரசியும் இறந்தாள் என்றால் அது நிகழ்ச்சி வரிசை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசி இறந்தாள் என்றால் அது கதைப்பின்னல். இறந்தவர்கள் அதே இருவர்தான். ஆனால் இரண்டாவதில் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

உங்கள் கதையை இப்படிச் சோதியுங்கள். ஒரு தாளில், ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். சிறுகதை என்றால் பெரும்பாலும் 6 முதல் 10 வரிக்குள் அடங்கும். அடுத்தடுத்த இரு வரிகளுக்கு நடுவே 'பிறகு', 'அதனால்', 'ஆனால்' என்ற மூன்றில் எது பொருந்துகிறது என்று பார்த்து அதை எழுதுங்கள்.

நித்யா கடிகாரத்தைக் கொடுக்கிறாள். பிறகு சண்முகம் வீட்டுக்குப் போகிறார். பிறகு மழை பிடிக்கிறது. பிறகு மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறார். இதில் எந்த வரியை எடுத்தாலும் மற்றவை அப்படியே நிற்கும். இப்போது இதைப் பாருங்கள். நித்யா கடிகாரத்தைக் கொடுக்கிறாள்; அவளுடைய அப்பாதான் தன் முதல் வாடிக்கையாளர், அதனால் சண்முகத்தால் மறுக்க முடியவில்லை; ஆனால் லென்ஸை வைத்துப் பார்த்தால் சக்கரங்கள் கலங்கித் தெரிகின்றன; அதனால் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று தள்ளுகிறார்; அதனால் அவளுக்குச் சந்தேகம் வருகிறது. இங்கே ஒரு வரியை உருவினால் அடுத்த வரி விழுந்துவிடும்.

தாளில் 'பிறகு' என்ற சொல்லே நிறைந்திருந்தால் அந்த வரிகளை வெட்டுங்கள், அல்லது காரணத்தைக் கண்டுபிடியுங்கள். எல்லா இடத்திலும் 'அதனால்' என்றே வந்தாலும் சரியில்லை. அடுத்து வருவதை வாசகர் முன்னாலேயே சொல்லிவிடுவார். இரண்டு மூன்று 'ஆனால்' கட்டாயம் வேண்டும். இன்னொன்று: தற்செயலாக ஒரு சிக்கல் வந்து சேரலாம், வாசகர் ஒத்துக்கொள்வார். அந்தச் சிக்கல் தற்செயலாகத் தீர்ந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: என் கதையில் வில்லன் இல்லை, சண்டை இல்லை. அமைதியான வாழ்க்கையைத்தான் எழுத விரும்புகிறேன். முரண் இல்லாமல் கதை நிற்காதா?

பதில்: வில்லன் வேண்டாம். முரண் வேண்டும். ஒருவர் எதையோ விரும்புகிறார், ஒன்று குறுக்கே நிற்கிறது: அவ்வளவுதான் முரண். குறுக்கே நிற்பது இன்னொரு மனிதராக இருக்கலாம், சூழ்நிலையாக இருக்கலாம், சொந்த மனமாகவும் இருக்கலாம். அமைதியான கதைகளில் பெரும்பாலும் மனம்தான்.

சண்முகத்துக்குக் குறுக்கே நிற்பது அவருடைய கண் என்று தோன்றும். ஆனால் "எனக்குப் பார்வை சரியில்லை, வேறு ஆளைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். அவரைச் சொல்லவிடாமல் தடுப்பது எதுவோ அதுதான் முரண். தன் கை பட்டால் எந்தக் கடிகாரமும் ஓடும் என்ற பெயரை விட அவருக்கு மனமில்லை. அந்தப் பெண்ணை ஏமாற்றவும் மனமில்லை. இரண்டும் நியாயமான விருப்பங்கள்; ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போய்விடும். நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவே தேர்ந்தெடுப்பது யாருக்கும் எளிது. இரண்டு நல்லவற்றுக்கு நடுவே மாட்டிக்கொண்டவரைத்தான் வாசகர் கண்ணெடுக்காமல் பார்க்கிறார்.

இது பிசகும் இடங்கள் மூன்று. விருப்பம் அருவமாக இருப்பது ஒன்று: 'நிம்மதியாக வாழ வேண்டும்' என்பதைக் காட்சியாக்க முடியாது, 'வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கடிகாரத்தை ஓடவைக்க வேண்டும்' என்பதை முடியும். தோற்றாலும் எதையும் இழக்காமல் இருப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் புதியவர்களின் கதைகளில் மிகுதி: பாத்திரம் ஒன்றுமே செய்யாமல் இருப்பது. துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும், பாத்திரம் தாங்கிக்கொண்டே இருக்கும். வாசகருக்கு இரக்கம் வரும், எதிர்பார்ப்பு வராது. கதையின் நடுவில் ஒருமுறையாவது பாத்திரம் தானே முடிவெடுத்து ஒன்றைச் செய்ய வேண்டும். அந்தச் செயல் நிலைமையை இன்னும் மோசமாக்க வேண்டும். சண்முகம் துணிந்து கடிகாரத்தைத் திறக்கிறார். மயிரிழை போன்ற சுருள்வில்லில் சாமணம் (சிறு இடுக்கி) பட்டு நெளிந்துவிடுகிறது. இனி அவரால் சும்மா இருக்க முடியாது.

கேள்வி: பாத்திரங்களுக்குப் பிறந்த தேதி, பிடித்த நிறம் என்று 50 கேள்விகள் கொண்ட குறிப்பேடு வைத்திருக்கிறேன். ஆனாலும் அவர்கள் உயிரோடு வரவில்லை.

பதில்: தகவல் கூடுவதால் மனிதர் கூடிவருவதில்லை. நான்கு கேள்விகள் போதும். இவர் இப்போது என்ன விரும்புகிறார்? எதற்கு அஞ்சுகிறார்? எதை மறைக்கிறார்? எதைச் செய்யவே மாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்? நான்காவது கேள்விக்கான பதிலைத் தாளில் எழுதிவிட்டு, அதையே செய்யும்படியான இடத்துக்குக் கதையை நகர்த்திப் பாருங்கள். தன் வேலையை வேறொருவர் கையில் ஒப்படைக்கவே மாட்டேன் என்றிருக்கும் சண்முகம், இரவில் யாருக்கும் தெரியாமல் இன்னொரு பழுதுபார்ப்பவரின் கதவைத் தட்டுகிறார் என்றால், அவரைப் பற்றி 50 பதில்கள் சொல்லாதது தெரிந்துவிடுகிறது.

தோற்ற வர்ணனைக்கு இரண்டு நுணுக்கங்கள் போதும். அவை செயலோடு சேர்ந்து வரட்டும். 'நெற்றி அகன்று, மூக்கு நீண்டு, நிறம் மாநிறமாய்' என்ற பட்டியல் யாரையும் கண்முன் நிறுத்தாது. 'லென்ஸை வலக்கண்ணில் பொருத்தினார், எடுத்தார், இடக்கண்ணுக்கு மாற்றினார்' என்பது முகத்தையும் காட்டும், கதையையும் நகர்த்தும்.

எல்லாப் பாத்திரமும் இப்படி ஆழமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே குணத்தோடு வந்து வேலையை முடித்துவிட்டுப் போகிறவர்களும் கதைக்குத் தேவை. ஃபார்ஸ்டர் இவர்களைத் தட்டையான பாத்திரங்கள் என்றார், குறையாக அல்ல. 2000 சொல் கதையில் முழுமையாக வரையப்பட்டவர் ஒருவர், அரைகுறையாக ஒருவர், மற்றவர்கள் தட்டையாக என்றால் சுமை சரியாக இருக்கும். பெயர்களில் ஒரு சிறு எச்சரிக்கை: கமலா, கவிதா, கண்ணன் என்று ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை ஒரே கதையில் வைக்காதீர்கள். வேகமாகப் படிப்பவர் முதல் எழுத்தைத்தான் பார்க்கிறார்.

கேள்வி: 'நான்' என்று எழுதுவதா, 'அவன்' என்று எழுதுவதா? நோக்குநிலையை நடுவில் மாற்றினால் என்ன தவறு?

பதில்: 'நான்', 'அவன்' என்பது வெளித்தோற்றம்தான். சொல்கிறவருக்கு எவ்வளவு தெரியும், அதில் எவ்வளவை நமக்குத் தருகிறார் என்பதில்தான் நோக்குநிலை இருக்கிறது. கதையின் மற்ற எல்லா உறுப்புகளையும் மாற்றிவிடும் வலிமை இதற்கு மட்டுமே உண்டு. ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

சண்முகமே 'நான்' என்று சொன்னால், கண் மங்குவதை அவரால் நம்மிடம் மறைக்க முடியாது. அது ஓர் அச்சத்தின் கதையாகிவிடும். நித்யா 'நான்' என்று சொன்னால் அவளுக்குக் கண் விஷயம் தெரியாது. அவர் வேலையைத் தள்ளிப்போடுவது, மேசையில் விழுந்த திருகாணியை விரலால் தடவித் தேடுவது, ரசீதை அவளையே எழுதச் சொல்வது ஆகியவை மட்டும் தெரியும். அதே சம்பவங்கள், இப்போது சந்தேகத்தின் கதை. வாசகர் அவளுக்கு முன்பே உண்மையை ஊகித்துவிட்டு அவளுக்காகக் காத்திருப்பார். படர்க்கையில், சண்முகத்தின் தோளுக்குப் பின்னால் நின்று அவர் காண்பதையும் நினைப்பதையும் மட்டும் எழுதலாம். 'நான்' தரும் நெருக்கத்தில் பெரும்பகுதி கிடைக்கும், அவரைப் போலவே பேச வேண்டிய கட்டாயம் இருக்காது. முதல் சில கதைகளுக்கு இந்த வழியைத்தான் பரிந்துரைப்போம். நான்காவது வழி, எல்லார் மனத்தையும் அறிந்த கதைசொல்லி. இது எளிது என்று நினைத்து இதில் தொடங்குகிறார்கள். உண்மையில் இதுதான் கடினம். எல்லாம் தெரிந்தவர் எதையாவது மறைத்தால், ஏன் மறைக்கிறார் என்ற கேள்வி எழும்.

தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. யாருக்கு இழப்பு அதிகம், யாருக்குக் கடைசியில் ஒன்று புரிகிறது என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே ஆள் பதிலானால் அவரை ஒட்டி எழுதுங்கள். வெவ்வேறு ஆட்களானால், இரண்டு வகையிலும் ஒவ்வொரு பக்கம் எழுதிப் பாருங்கள். எது தானாக ஓடுகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தேர்ந்தபின் அதன் எல்லைக்குள் நிற்பதுதான் வேலை. வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' கதையைச் சொல்வது அந்த மரமே. நகர முடியாத ஒன்று கதை சொல்ல வேண்டுமானால், அதன் அடியில் நடப்பதும் அதன் காதில் விழுவதும்தான் கதையின் சரக்கு. எல்லை இப்படித் தெளிவாக இருந்தால் எதை விடுவது என்பதும் தெளிவாகிவிடும்.

பிசகுவது எப்படி என்று பாருங்கள்:

'சண்முகம் கடிகாரத்தைத் திருப்பினார். பின்மூடியில் இருந்த எழுத்துகள் கலங்கின. இவருக்கு என்ன ஆயிற்று என்று நித்யா யோசித்தாள். சண்முகத்தின் முகம் வெளிறியிருந்தது.'

இரண்டாம் வாக்கியத்தில் நாம் சண்முகத்தின் கண்ணுக்குள் இருக்கிறோம். மூன்றாவதில் நித்யாவின் தலைக்குள் தூக்கி எறியப்படுகிறோம். நான்காவதில் அவர் முகத்தை வெளியிலிருந்து பார்க்கிறோம். சண்முகத்தால் தன் முகத்தைப் பார்க்க முடியாது. நான்கு வரியில் மூன்று இடம். வாசகருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, 'ஒட்டவில்லை' என்று மட்டும் சொல்வார். திருத்தம் சிறியதுதான்: 'நித்யா பேச்சை நிறுத்திவிட்டு அவர் விரல்களையே பார்த்தாள். சண்முகத்துக்குக் கன்னம் குளிர்ந்தது.' அவள் யோசிப்பதை அவரால் காண முடியாது, அவள் பார்வையைக் காண முடியும்.

நோக்குநிலையை மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஒரு வரி இடம் விட்டு மாற்றுங்கள். புதிய பகுதியின் முதல் வாக்கியத்திலேயே யாரை ஒட்டி நிற்கிறோம் என்பது தெரிந்துவிட வேண்டும். 2000 சொல்லுக்கு உட்பட்ட கதையில் ஒருவரோடேயே இருப்பது நல்லது.

கேள்வி: படர்க்கைக் கதையில் முக்கியப் பாத்திரத்தை 'வந்தான்' என்பதா 'வந்தார்' என்பதா? இலக்கணப்படி எது சரி?

பதில்: இது இலக்கணத்தில் தீரும் கேள்வி அல்ல, நோக்குநிலையில் தீர வேண்டியது. தமிழில் எழுதுகிற கதைசொல்லி இந்த இடத்தில் ஒதுங்கி நிற்க முடியாது. வினைமுற்றை எழுதிய கணமே அவருக்கும் பாத்திரத்துக்கும் உள்ள உறவு வெளிப்பட்டுவிடுகிறது. 'சண்முகம் லென்ஸை எடுத்தான்' என்றால் கதைசொல்லி அவருடைய மனத்துக்குள், வயது மரியாதை எல்லாம் கழன்ற இடத்தில் நிற்கிறார். 'எடுத்தார்' என்றால் ஓரடி தள்ளி, சற்று இளையவராக நிற்கிறார். இரண்டும் செல்லும். நித்யாவை ஒட்டி எழுதினால் 'எடுத்தார்' மட்டுமே செல்லும், ஏனென்றால் அது அவள் பார்வை. 'அம்மா வந்தாள்', 'அம்மா வந்தார்' என்ற இரண்டும் கூட இரு வேறு பிள்ளைகளின் குரல்கள்.

கவனிக்க வேண்டிய பிழை ஒன்று உண்டு. ஒரே வயதுள்ள இருவரில் மேலதிகாரிக்கு 'வந்தார்', காவலாளிக்கு 'வந்தான்' என்று எழுதுகிறோம். பாத்திரத்தின் பார்வை அப்படி என்றால் சரி. கதைசொல்லி பொதுவானவராக இருந்தால், அது எழுதியவரின் மனச்சாய்வாகத்தான் படிக்கப்படும். கதையை முடித்தபின் இதற்கென்றே ஒருமுறை வினைமுற்றுகளைப் பார்த்து வாருங்கள்.

கேள்வி: உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதினால் எவ்வளவு தூரம் போகலாம்?

பதில்: படிப்பவரின் கண் தடுக்காத தூரம் வரை. ஒலி ஒவ்வொன்றையும் எழுத்தில் பிடிக்கப் பார்த்தால், வாசகர் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டியிருக்கும், உணர்ச்சி போய்விடும். ஒரு பாத்திரத்துக்கு மூன்று நான்கு அடையாளங்களை முடிவு செய்துகொள்ளுங்கள்: வினை எப்படி முடியும், எதிராளியை எப்படி விளிப்பார், அடிக்கடி வரும் ஒரு சொல். அவற்றைக் கடைசி வரை மாற்றாதீர்கள். முதல் பக்கத்தில் 'இருக்குது', மூன்றாம் பக்கத்தில் 'இருக்கு', ஐந்தாம் பக்கத்தில் 'இருக்கிறது' என்று ஒரே ஆள் பேசுவதுதான் பரவலான பிழை.

பேச்சு வழக்கைவிடப் பெரிய பிரச்சினை, இருவருக்கும் தெரிந்ததை வாசகருக்காகப் பேசவைப்பது. "உன் அப்பா 20 வருஷமா இந்தக் கடிகாரத்தை என்கிட்டதான் குடுப்பாரு, போன மாசம் அவர் தவறிட்டாரு இல்லையா" என்று யாரும் பேசுவதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"இது உங்கப்பா கையில இருந்ததாச்சே."

"போன மாசம், சார்..."

"கேள்விப்பட்டேன்." கடிகாரத்தைக் காதருகே கொண்டுபோனார். "சாவி குடுத்துப் பாத்தியாம்மா?"

"இல்ல. பயமா இருந்துச்சு."

சாவு சொல்லப்படவில்லை, தெரிந்துவிட்டது. 'சார்' என்பதிலும் 'பாத்தியாம்மா' என்பதிலும் இருவருக்கும் நடுவே உள்ள தூரமும் கனிவும் வந்துவிட்டன. 'என்றாள்', 'என்றார்' என்பதற்குப் பதிலாகக் 'கர்ஜித்தார்', 'முணகினாள்', 'வினவினார்' என்று மாற்றி மாற்றிப் போட வேண்டாம். நாம் செய்ததுபோல் ஒரு செயலை வைத்தால் யார் பேசினார் என்பது தானாகத் தெரியும்.

கேள்வி: களத்தை விரிவாக வர்ணிக்கிறேன். எல்லாரும் அந்தப் பத்தியைத் தாண்டிப் படிப்பதாகச் சொல்கிறார்கள்.

பதில்: தாண்டினாலும் கதை புரிகிறது என்றால் அந்த வர்ணனை கதைக்குள் வேலை செய்யவில்லை. தொல்காப்பியம் அகப்பாடலுக்கு வகுத்த முறை இதற்கு இன்றும் உதவும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் முதலியவை கருப்பொருள். மனிதரின் மனநிலை உரிப்பொருள். மூன்றும் ஒரே பாட்டில் ஒன்றுக்கொன்று துணையாக நிற்க வேண்டும். இடத்தைச் சொல்வது மனத்தைச் சொல்வதற்காக. தொழிலையும் களத்தின் பகுதியாகவே அங்கு வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வேலைக்கருவிகளைவிட நல்ல களவர்ணனை அரிது.

நம் கதையில் பொழுது எது? மாலை. வெளிச்சம் குறையக் குறையச் சண்முகத்துக்கு வேலை நேரம் குறைகிறது. விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, சாமணம் எந்தத் தட்டில் கிடக்கிறது, வெல்வெட் துணியில் விழுந்த திருகாணி ஏன் கண்ணில் படவில்லை என்பவை களம், அவையே சிக்கலும். சுவரில் பல கடிகாரங்கள் ஓடும் ஒலி காதுக்கு. ஒரு காட்சிக்கு மூன்று நுணுக்கங்கள், அதில் ஒன்றாவது கண்ணால் காணாதது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பத்தியில் கொட்டாமல் செயலின் ஊடே தூவுங்கள்.

கேள்வி: 'சொல்லாதே, காட்டு' என்பது எப்போதும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. முடிவெடுக்கும் தருணங்களைக் காட்சியாக எழுதுங்கள். அவற்றுக்கு இடைப்பட்ட காலத்தைச் சுருக்கிச் சொல்லுங்கள். 'நான்கு நாள் அவளைத் திருப்பி அனுப்பினார்' என்ற ஒரு வரியை நான்கு காட்சிகளாக்கினால் கதை நகராது. கடிகாரத்தைத் திறக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுக்கலாம். உணர்ச்சியின் பெயரை எழுதும் இடத்தில் மட்டும் நின்று யோசியுங்கள். 'மிகவும் பதற்றமடைந்தார்' என்பதை அடித்துவிட்டு அவர் கை என்ன செய்தது என்று எழுதுங்கள்.

கேள்வி: தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்று முக்கோணம் வரைந்து வகுப்பில் சொல்லித் தந்தார்கள். எல்லாக் கதைக்கும் இது வேண்டுமா? கதையை எங்கே தொடங்குவது?

பதில்: அந்த வரைபடம் ஜெர்மன் எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863இல் வெளியிட்ட நாடகக்கலை நூலிலிருந்து வருகிறது. ஐந்து அங்க நாடகங்களை மனத்தில் வைத்து அவர் வகுத்தது. உச்சம் நடுவில் இருக்கும். சிறுகதையில் உச்சம் பெரும்பாலும் முடிவை ஒட்டியே வரும், இறக்கத்துக்குச் சில வரிகள்தான் மிஞ்சும். ஆகவே எழுதி முடித்த கதையை அளந்து பார்க்க அதைப் பயன்படுத்துங்கள், எழுதும்போது கட்டங்களை நிரப்பாதீர்கள்.

சிக்கலுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் தொடங்குங்கள். சண்முகம் தொழில் கற்ற வரலாற்றில் தொடங்கினால், நித்யா வருவதற்குள் வாசகர் எழுந்து போய்விடுவார். அவள் கடிகாரத்தை மேசையில் வைப்பதில் தொடங்கலாம். 2000 சொல் கதையில் முதல் 200 சொற்களுக்குள் யார், எங்கே, எது நிலைகுலைந்திருக்கிறது என்ற மூன்றும் தெரிந்துவிட வேண்டும். எழுதி முடித்ததும் முதல் இரண்டு பத்திகளை மறைத்துக்கொண்டு மூன்றாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பல கதைகள் உண்மையில் அங்கேதான் தொடங்குகின்றன.

பழைய செய்தி தேவைப்பட்டால் 'அவர் நினைவுகள் பின்னோக்கி ஓடின' என்று வாசகரை இரண்டு பக்கம் பின்னால் அழைத்துப் போகாதீர்கள். நிகழ்காலத்தில் ஒரு பொருளோ சொல்லோ அதைக் கிளறட்டும், மூன்று நான்கு வரியில் முடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: கதையில் கருத்து சொல்லலாமா?

பதில்: கருத்து இருக்கலாம். அதைக் கதைசொல்லியோ, கடைசிப் பத்தியில் திடீரென ஞானம் பெற்ற பாத்திரமோ வாசித்துக் காட்டக் கூடாது. கதையின் உட்பொருளைக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்: 'திறமை போனபின் ஒருவர் யார்?' பதில் தெரிந்துகொண்டு எழுதினால் பாத்திரங்கள் சாட்சி சொல்ல வந்தவர்களாகிவிடுகிறார்கள். முதல் வரைவை எழுதி முடிக்கும்வரை உட்பொருளைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்; பிறகு படிக்கும்போது திரும்பத் திரும்ப வரும் பொருளோ சொல்லோ அதைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: கடைசி வரியில் திருப்பம் வைத்தால்தான் கதை நினைவில் நிற்கும் என்கிறார்கள். என் திருப்பங்களைப் படித்தவர்கள் எரிச்சல்படுகிறார்கள்.

பதில்: ஏமாற்றப்பட்டதாக உணர்வதால் வரும் எரிச்சல் அது. சண்முகத்தை ஒட்டியே எட்டுப் பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் அவருக்குக் கண் தெரியாது என்று வெளியிட்டால், அவர் மனத்துக்குள் இருந்த நமக்கு அது ஏன் தெரியவில்லை? நோக்குநிலைப் பாத்திரம் அறிந்ததை வாசகரிடம் மறைத்து உண்டாக்கும் திருப்பம் செல்லாது. நித்யாவை ஒட்டி எழுதிய கதையில் அதே செய்தி நேர்மையான திருப்பம். கனவு கண்டு விழித்தான் என்ற முடிவும் இதே காரணத்தால் தோற்கிறது: நடந்ததற்கெல்லாம் விலை இல்லை என்றாகிவிடுகிறது.

நல்ல திருப்பத்துக்குத் தடயம் வேண்டும். ஒன்று போதாது, மூன்று வேண்டும். ஒவ்வொன்றும் அந்த இடத்தில் வேறு வேலைக்காக வந்ததுபோல் தோன்ற வேண்டும். சுவரில் துப்பாக்கி தொங்கினால் அது வெடித்தாக வேண்டும் என்ற ரஷ்ய எழுத்தாளர் செகாவின் விதியை எல்லாரும் சொல்கிறார்கள். அதைத் திருப்பிப் போட்டும் படியுங்கள்: கடைசியில் வெடிக்கும் துப்பாக்கி முன்னாலேயே சுவரில் தொங்கியிருக்க வேண்டும்.

திருப்பமே இல்லாமலும் முடிக்கலாம். முடிவுக்குத் தேவை மாற்றம். சண்முகம் நித்யாவை மேசைக்கு இந்தப் பக்கம் அழைத்து, சாமணத்தை அவள் கையில் கொடுத்து, "அந்தத் திருகாணியை நீ எடும்மா" என்கிறார். அவர் எதையும் ஒப்புக்கொண்டு பேசவில்லை, ஆனால் ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகு கடிகாரம் ஓடியதா என்பதை எழுதலாம், எழுதாமலும் விடலாம். 'அன்று முதல் அவர் பெருமையை விட்டார்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: சிறுகதை எழுதத் தொடங்கி அது நாவல்போல் நீண்டுகொண்டே போகிறது. எப்படி நிறுத்துவது?

பதில்: அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் எழுதிய ஒரு மதிப்புரையில், அரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரே அமர்வில் படித்துவிடக் கூடியதாகச் சிறுகதை இருக்க வேண்டும், அதன் எல்லாச் சொற்களும் ஒரே விளைவை நோக்கிச் செல்ல வேண்டும் என்றார். உங்கள் கதையில் எத்தனை பேருக்குத் தனித்தனி முரண் இருக்கிறது என்று எண்ணுங்கள். சண்முகத்தின் மகனுக்கும் ஒரு கதை, நித்யாவின் திருமணத்துக்கும் ஒரு கதை என்றால் நீளத்தான் செய்யும். ஒரு முடிவு, அதை எடுக்கும் ஒருவர் என்று சுருக்குங்கள். மற்றவற்றை வெட்டி வேறு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், வீணாகாது. வெட்ட மனமே வரவில்லை என்றால், நீங்கள் எழுதுவது நாவலாகவே இருக்கலாம். அப்படியே தொடருங்கள்.

கேள்வி: இத்தனையையும் நினைவில் வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

பதில்: எழுதும்போது இவற்றை நினைக்கவே கூடாது. முதல் வரைவைத் திருத்தாமல் கடைசி வரை எழுதி, ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் பாருங்கள், இந்த வரிசையில். முதலில் காரணச் சங்கிலி, மேலே சொன்ன தாள் சோதனை; காட்சிகளே மாறக்கூடும் என்பதால் இது முன்னால். இரண்டாவது நோக்குநிலை: ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் யாருடைய கண் என்று பெயர் எழுதுங்கள், பெயர் மாறும் இடங்களைச் சரிசெய்யுங்கள். அடுத்து உரையாடல், அதற்கடுத்து களம். சொற்களையும் வாக்கிய ஓட்டத்தையும் கடைசியில் தொடுங்கள். இதை முதலில் செய்தால் மெருகேற்றிய பத்தியை வெட்ட மனம் வராமல், கதைக்குத் தேவையில்லாதது உள்ளேயே தங்கிவிடும். இந்தக் கடைசிச் சுற்றை வாய்விட்டுப் படித்துச் செய்யுங்கள். நாக்கு தடுக்கும் இடத்திலும், நீங்களே அவசரமாகக் கடந்து போகும் இடத்திலும் பென்சிலால் கோடிடுங்கள். முதலாவதைத் திருத்த வேண்டும். இரண்டாவதைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம்.